இளவயதில் சிறுநீர்க் கசிவு: வெட்கம் எப்படி நோயை வளர்க்கிறது

ஸ்வீடனில் டிராம்போலின் (இழுத்துக் கட்டிய விரிப்பின் மேல் துள்ளிக் குதிக்கும் விளையாட்டு) பயிற்சி பெறும் 35 வீராங்கனைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. 12 முதல் 22 வயது வரையுள்ளவர்கள். ஒருவரும் பிள்ளை பெற்றவர் அல்லர். அவர்களில் 28 பேர், பயிற்சியின்போது தங்களுக்குச் சிறுநீர் கசிவதாகச் சொன்னார்கள். முதுமையிலும் பிரசவத்துக்குப் பிறகும் மட்டுமே வரும் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் தொல்லை இது.

சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். நிரம்பும்வரை பையின் தசை தளர்ந்திருக்க வேண்டும், வாயிலில் உள்ள சுருக்குத்தசை இறுகியிருக்க வேண்டும். கழிக்கும்போது இரண்டும் தலைகீழாக மாற வேண்டும். மாறச் சொல்லி உத்தரவிடும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. ‘இப்போது வேண்டாம், பஸ் நிற்கட்டும்’ என்று அதை அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. முதுகெலும்பின் அடியிலிருந்து புறப்படும் நரம்புகள் வழியாகத்தான் இந்தச் செய்திகள் பையைச் சென்று சேர்கின்றன. இந்த வழியில் எங்கே பழுது என்பதைப் பொறுத்துக் கசிவின் குணமும் மாறும்.

டிராம்போலின் பெண்களுக்கு நரம்பில் குறை இருந்ததாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் வயிற்றின் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. இடுப்பின் அடியில் விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள் அதே கணத்தில் இறுகினால்தான் வாயில் மூடியிருக்கும். ஒரு நொடி பிந்தினாலும் சொட்டிவிடும். இருமல், தும்மல், பாரம் தூக்குதல் எல்லாவற்றிலும் இதே கதைதான். பிரசவத்தில் இழுபட்டு நைந்த தசைகளுக்கு இது இன்னும் கடினம்.

திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடுவது வேறு வகை. பை நிரம்புவதற்கு முன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதால் வருவது. சிறுநீர்த் தொற்று, நாள்பட்ட மலச்சிக்கல், நரம்பு நோய்கள் இதற்குக் காரணமாகலாம். பல நேரங்களில் காரணமே பிடிபடாது. மேலைநாடுகளில் போதைக்காகக் கெட்டமைன் என்ற மயக்க மருந்தை எடுக்கும் இளைஞர்களிடம், அந்த மருந்தே பையின் உட்சுவரை அரித்துச் சுருக்கிவிடுவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இங்கேதான் வெட்கம் நோயோடு கைகோக்கிறது. கசிவு வந்தவர் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பது. சிறுநீர் அடர்த்தியாகிப் பையின் உட்சுவரை உறுத்துகிறது, அவசரம் கூடுகிறது. நீர் குறைவதால் மலம் இறுகுகிறது. இறுகிய மலம் பையை அழுத்துகிறது. அடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அரைமணிக்கொரு தரம் போய்விட்டு வருவது. கொஞ்சம் நிரம்பினாலே போகப் பழகிய பைக்குக் கொள்ளும் பொறுமை போய்விடுகிறது. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் மாணவிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் மாலைவரை அடக்கி வைப்பதையும் இதில் சேர்க்க வேண்டும். அதைப் பொறுமை என்று பாராட்டுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

கசிவைக் குறைக்கும் பயிற்சி எளிதானது, ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதிய இடுப்புத்தளப் பயிற்சியில், காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசைகளை உள்ளே மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக் கீழே முக்கினால் எதிர்விளைவுதான். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அவசரம் முட்டும்போது ஓடாமல் நின்று, அதே தசைகளை நாலைந்து முறை வேகமாக இறுக்கினால், பையின் சுருக்கமும் அடங்கும். சுருக்குத்தசை இறுகும்போது பை தளர வேண்டும் என்பது உடலின் அனிச்சை ஏற்பாடு.

முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறந்தவர்களுக்கும், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்களுக்கும் இந்தப் பயிற்சி மட்டும் போதாது. செய்தியே போய்ச் சேர்வதில்லை. அவர்கள் வாழ்க்கையை மாற்றியது ஜாக் லேப்பிடஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் 1972இல் முன்வைத்த யோசனை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயைத் தாமே செருகி, சில மணி நேரத்துக்கொரு முறை பையைக் காலி செய்துகொள்வது. ஆபரேஷன் அறைச் சுத்தம் இல்லாமல் குழாய் நுழைப்பதா என்று அன்று பலர் திகைத்தார்கள். பை அளவுக்கு மீறி உப்பி ரத்த ஓட்டம் குறைவதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம் என்பது அவர் வாதம். இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட இதைத் தாமே செய்துகொள்கிறார்கள். பூட்டக்கூடிய கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை மட்டும் வேண்டும்.

மருத்துவரிடம் போகும்முன் மூன்று நாள், குடித்தது, கழித்தது, கசிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுவதில் பாதியைத் தாளே சொல்லிவிடும். ஆனால் முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய், சிறுநீர் திடீரெனக் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் குறிப்பெழுத உட்காராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; முதுகுத்தண்டின் அடி நரம்புகள் நசுங்கியிருக்கக்கூடும்.