சாண்டொரினியில் தரையோடு சுருண்டு கிடக்கும் திராட்சைக் கொடி

சாண்டொரினி என்றதும் நீலக் கூரைத் தேவாலயமும் வெள்ளைச் சுவர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கிரேக்கத்தின் கிக்ளாடீஸ் தீவுக்கூட்டத்தில் தெற்கே இருக்கும் இந்தச் சின்னத் தீவில் நிலையாக வசிப்பவர்கள் சுமார் 15,000 பேர். வந்துபோகிறவர்களோ ஆண்டுக்கு முப்பது லட்சம் பேர் வரை. அவர்களில் நிறையப் பேர் ஒரு மாலையை ஒயினுக்காக ஒதுக்குகிறார்கள். எரிமலை வெடித்து உள்வாங்கிய பெரும்பள்ளமான கால்டெராவின் விளிம்பில் மேசை பிடித்து, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்தபடி நான்கைந்து கோப்பைகளை ருசித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த ஒயின் விளைந்த தோட்டம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பார்த்தாலும் அது தோட்டம் என்று தோன்றாது. வரிசை கிடையாது, பந்தல் கிடையாது, ஊன்றுகோலும் கிடையாது. சாம்பல் நிறத் தரையில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, காய்ந்த புதர்போல ஏதோ சுருண்டு கிடக்கும். குனிந்து இலையை விலக்கினால் உள்ளே குலை தொங்கும்.

இப்படி ஒரு கொடியை வளர்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்டால், கி.மு. 1600 வாக்கில் நடந்த எரிமலை வெடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். தீவின் நடுப்பகுதி சரிந்து கடலுக்குள் போனது. மிஞ்சிய நிலத்தின்மேல் நுரைக்கல்லும் சாம்பலும் சில இடங்களில் பத்துக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் படிந்தன. அக்ரோட்டிரி என்ற வெண்கலக் கால நகரம் அதற்கடியில் புதைந்து கிடந்து, 1967இல் தொடங்கிய அகழாய்வில்தான் முறையாக வெளியே வந்தது. அந்தப் படிவை உள்ளூரில் அஸ்பா என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய் வேலைக்கு இதே மண்ணைக் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் குணம் இதற்கு உண்டு.

விவசாயி கண்ணில் பார்த்தால் அஸ்பா கெட்ட மண். மக்கிய பொருள் ஏறக்குறைய இல்லை, களிமண் மிகக் குறைவு, பொட்டாசியமும் குறைவு. மழையும் சராசரியாக ஆண்டுக்கு 400 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அதுவும் குளிர்காலத்தில் பெய்துவிட்டுப் போய்விடும். ஏப்ரலுக்குப் பிறகு வானம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆறு இல்லை, ஏரி இல்லை. ஆனாலும் பழைய தோட்டங்களுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

நுரைக்கல்தான் இங்கே காப்பாற்றுகிறது. எரிமலைக் குழம்பிலிருந்த வாயு வெளியேறும் வேகத்தில் உறைந்த கல் அது. உள்ளே எங்கு பார்த்தாலும் நுண்துளைகள். துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் முதலில் மிதக்கும். குளிர்கால மழை மேலே தங்கி ஓடாமல் இந்தத் துளைகள் வழியே இறங்கிவிடுகிறது. கோடையில் மேல்மட்டம் காய்ந்ததும், அந்தக் காய்ந்த அடுக்கே மூடாக்காக மாறுகிறது. ஈரம் அதைத் தாண்டி மேலேறி ஆவியாவது கடினம். வேர்களோ ஆண்டுக்கணக்கில் கீழே போய் அந்த ஈரத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் இரவுகள். கடலிலிருந்து எழும் ஈரக்காற்றும் மூடுபனியும் இலைமேலும் நுரைக்கல்மேலும் படிகின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் இந்தப் பனியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், கேட்க அழகாகவும் இருக்கும். பனி தருவதில் தண்ணீர் ஒரு பங்கு என்றால், சேமிப்பு இன்னொரு பங்கு. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது இலை வழியே செடி இழக்கும் நீர் குறைந்துவிடும்.

தண்ணீரை விடவும் பெரிய தொல்லை காற்று. கோடையில் ஏஜியன் கடல்மேல் வடக்கிலிருந்து நாள்கணக்கில் ஓயாமல் வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். அது சும்மா வராது, மணலையும் உப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். நிமிர்ந்து நிற்கும் கொடியின் பூவையும் இளந்தளிரையும் உப்புத்தாள்போலத் தேய்த்துவிடும். தரையை ஒட்டிய காற்று எப்போதும் மேலே இருப்பதைவிட மெதுவாகவே நகரும்; தரையோடு உராய்ந்து வேகம் இழப்பதால் அப்படி. அந்த மெதுவான அடுக்குக்குள்ளேயே செடி முழுவதும் அடங்கிவிட வேண்டும் என்பதுதான் தீவு விவசாயிகள் கண்ட வழி. குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போது, நீளமான கிளைகளை வெட்டி எறியாமல் வளைத்து ஒன்றோடொன்று பின்னுகிறார்கள். அடுத்த ஆண்டு வரும் கிளைகள் அதற்கு மேல் சுற்றப்படும். ஆண்டுகள் போகப் போகத் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போன்ற வளையம் உயர்ந்து கூடையாகிறது. இதைத்தான் கூலூரா என்கிறார்கள். இலைகள் வெளிப்புறம் கவிந்து நிழல் தர, குலைகள் உள்பக்கம் தொங்கும். காற்றும் மணலும் மேலே போகும், வெயில் பழத்தில் நேராக விழாது, இரவில் சேர்ந்த ஈரம் காலையில் கொஞ்ச நேரம் கூடவே தங்கும்.

கூடைக்கு வயதாகும். எழுபது, எண்பது ஆண்டுகளில் நீரும் உணவும் சுருண்டு சுருண்டு போக வேண்டிய பாதை நீண்டுவிடும், காய்ப்பு குறைந்துவிடும். அப்போது கூடையைத் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். பழைய அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் வரும், அதை வைத்து மறுபடி பின்னத் தொடங்குவார்கள். இப்படிப் பல முறை வெட்டப்பட்ட வேர்கள் சில, இருநூறு ஆண்டுகளைத் தாண்டியவை என்கிறார்கள் தோட்டக்காரர்கள்.

ஐரோப்பாவின் பெரும்பாலான தோட்டங்களில் இந்த வித்தை பலிக்காது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற பூச்சி, அசுவினியின் உறவு, பிரான்ஸின் கொடிகளை வேரிலேயே தின்று அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்க்கட்டையில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் தப்பித்தார்கள். இன்று உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் ஒட்டுச் செடிகளே. ஒட்டுச் செடியைத் தரையோடு வெட்டினால் முளைப்பது கீழே இருக்கும் அமெரிக்கக் கட்டைதான். சாண்டொரினிக்குள் அந்தப் பூச்சி நிலைக்க முடியவில்லை. களிமண் காயும்போது விழும் வெடிப்புகள் வழியாகத்தான் அது வேருக்கு வேர் நகர்கிறது. உதிரியான எரிமலை மண்ணில் அப்படிப் பாதை கிடைக்காது. அதனால் இங்கே மேலும் கீழும் ஒரே செடி. ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் பதித்தால் அதுவே வேர்விட்டு அடுத்த கொடியாகும். கெட்ட மண் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கெட்ட குணமே கொடியின் காவலாகிவிட்டது.

சரி, கோப்பைக்கு வருவோம். தீவின் முக்கிய ரகம் அசிர்ட்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை. வெயில் நாட்டுத் திராட்சையில் சர்க்கரை ஏறும்போது புளிப்பு இறங்குவது வழக்கம். அசிர்ட்டிகோவில் இரண்டும் ஒன்றாக நிற்கும். பழத்தில் இருக்கும் இரண்டு முக்கிய அமிலங்களில் மாலிக் அமிலத்தை வெப்பத்தில் செடியே சுவாசத்துக்குச் செலவழித்துவிடும். டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் செலவாகாது. இந்த ரகத்தில் அதுதான் ஓங்கி நிற்கிறது. அதையும் இழக்க ஒரு வழி உண்டு. பழத்தில் பொட்டாசியம் அதிகமாக இருந்தால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்புப் படிகமாகிப் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், புளிப்பும் மட்டுப்படும். அஸ்பாவில் பொட்டாசியம் குறைவு என்பது இங்கே கைகொடுக்கிறது. 14 சதவீத ஆல்கஹால் இருக்கும் ஒயின்கூட எலுமிச்சைபோல நாக்கைச் சுண்டுவதற்கு இதுவே காரணம்.

ருசிக்கும் மேசைகளில் “எரிமலையின் சுவை”, “கல்லின் சுவை” என்றெல்லாம் சொல்வார்கள். இதை நான் அப்படியே நம்புவதில்லை. வேர் கல்லை உறிஞ்சாது. நீரில் கரைந்த தாது அயனிகளைத்தான் எடுக்கும், ஒயினில் அவற்றின் அளவு பொதுவாக நாக்கு உணரும் எல்லைக்குக் கீழேதான். கூர்மையான புளிப்பு, பழவாசனையின் அடக்கம் இரண்டும் சேரும்போது நமக்குக் கல், உப்பு என்று தோன்றுகிறது. எரிமலை சுவையை உண்டாக்குவது உண்மைதான், ஆனால் நீர், பொட்டாசியம், விளைச்சல் ஆகியவற்றின் வழியாகச் சுற்றி வருகிறது.

பழைய ஒயின் அறைகளான கனாவாக்களுக்குள் கட்டாயம் நுழைய வேண்டும். அஸ்பாச் சரிவைக் குடைந்து செய்த குகைகள் இவை. துளைகள் நிறைந்த சுவர் வெப்பத்தைக் கடத்தாததால் ஆகஸ்ட் மதியத்திலும் உள்ளே குளிர்ந்திருக்கும். அத்தினியோஸ் துறைமுகத்துக்கு மேலே செங்குத்தான சரிவில் 1940களின் இறுதியில் எழுந்த வெனெட்சானோஸ் ஒயின் ஆலை இன்னொரு பாடம். மின்சாரம் கிடைக்காத காலம். அதனால் பழம் உச்சித் தளத்தில் இறங்கி, சாறு அடுத்த தளத்துக்கும், ஒயின் அதற்கும் கீழுக்கும் புவியீர்ப்பிலேயே ஓடும்படி கட்டினார்கள். நிக்டேரி என்ற வகைக்கு முன்பெல்லாம் இரவில் பழம் பிழிந்தார்கள், பகல் வெக்கையில் சாறு கறுத்துப்போய்விடும் என்பதால். கடைசிக் கோப்பையாக வருவது வின்சாண்டோ. பறித்த திராட்சையை ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தியபின் பிழிகிறார்கள். சர்க்கரை செறிந்த அந்தச் சாற்றில் ஈஸ்ட் திணறிப் பாதியில் நின்றுவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கும். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில். திகட்டாமல் இருப்பதற்கு மறுபடியும் அந்தப் புளிப்புதான் காரணம்.

இந்த மேசைகளில் கிடைக்கும் பணம் ஒயின் ஆலைகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. திராட்சை விலையும் பல மடங்கு ஏறியிருக்கிறது. அதே சுற்றுலா நிலத்தையும் கேட்கிறது. ஒரு துண்டு நிலத்தில் நீச்சல்குளத்தோடு வில்லா கட்டினால் வரும் வருமானத்தோடு கூலூரா போட்டியிட முடியாது, தோட்டப் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆளும் கிடைப்பதில்லை. அறுவடை ஆகஸ்டில், விடுதிகளுக்கும் அதுதான் உச்சப் பருவம். கூடைக்குள் எந்த இயந்திரமும் நுழையாது, ஒவ்வொரு செடிக்கும் ஒருவர் குனிந்தாக வேண்டும். கூடை பின்னுவதோ ஜனவரி, பிப்ரவரி வேலை. தீவின் ஆகப் பெரிய கைவினை நடக்கும் மாதங்களில் பார்க்கப் பயணிகள் யாரும் இருப்பதில்லை.

அண்மைக் காலத்தில் மழை மேலும் பொய்த்து விளைச்சல் விழுந்திருக்கிறது. சில ஆலைகள் வரிசை நடவையும் சொட்டுநீரையும் முயன்று பார்க்கின்றன. வரிசையில் நட்டால் கவாத்தும் அறுவடையும் நிமிர்ந்து நின்றே செய்யலாம், ஆள்செலவு குறையும். ஆனால் குலை மறுபடி மெல்டெமியின் பாதைக்கு வந்துவிடும். போகிறவர்கள் பிர்கோஸ், மெகாலோகோரி, எபிஸ்கோபி கோனியா பக்கம் உள்நாட்டுச் சாலையில் நடந்தால், பழைய கூடைத் தோட்டத்தையும் புதிய வரிசைத் தோட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்புண்டு. கால் வைக்கும்போது கவனம், செடிகள் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.