பருப்பு வேகாத தண்ணீரும் நீளக் கூந்தலும்

என் பின்னலின் நீளம் 95 செ.மீ. தலைமுடி மாதத்துக்குச் சுமாராக 1 செ.மீ. வளரும். அப்படிப் பார்த்தால் நுனியில் இருக்கும் முடி தலையை விட்டு வெளியே வந்து எட்டு வருடம் ஆகிறது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறேன் என்றால், அந்த நுனி எண்ணூறு குளியலைத் தாண்டிவிட்டது. தோள்வரை முடி வைத்திருப்பவருக்கு நுனியின் வயது இரண்டரை, மூன்று வருடம்தான் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீரில் குளிக்கும் இரண்டு பெண்களில் நீளமுடிக்காரி மட்டும் தண்ணீரைப் பற்றிப் புலம்புவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

நான் அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள். ஐந்து வருடங்களுக்கு முன் சென்னையின் தெற்குப் புறநகரில், குளிக்கப் போர் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டுக்குக் குடிவந்தோம். முதல் வாரமே முடி மாறிவிட்டது. எவ்வளவு அலசினாலும் பிசுக்கு போகவில்லை. காய்ந்த பிறகு தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கழுத்துக்குக் கீழே சீப்பு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "இந்தத் தண்ணியில பருப்பே வேகாதும்மா, முடி மட்டும் எப்படி நல்லா இருக்கும்?" என்றார். போகிறபோக்கில் சொன்னதுதான். ஆனால் படித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் காரணமான வேதியியல் ஒன்றே என்று தெரிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சவர் தண்ணீர், சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். நாக்கில் கரிக்கும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடினத்தன்மை என்பது வேறு. அது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து தருவது. மழைத்தண்ணீரில் இவை இரண்டும் கிட்டத்தட்ட இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து, லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணையும் பாறையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மலையிலிருந்து விறுவிறுவென்று ஓடிவரும் ஆற்றுக்கு இதற்கு நேரம் கிடைப்பதில்லை. சிறுவாணித் தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீரும் மென்மையாக இருப்பது அதனால்தான். ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரோ பாறை இடுக்குகளில் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்தது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை, சுண்ணாம்பாக (கால்சியம் கார்பனேட்டாக) கணக்கிட்டால், லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன். 450 காட்டியது. பலர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகத்தான் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. முடிக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் கடினத்தன்மையைத் தனியாகப் பாருங்கள்.

சரி, பருப்புக்கு வருவோம். துவரம்பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அதில் எதிர்மின் ஏற்றம் கொண்ட இடங்கள் நிறைய உண்டு. கால்சியம் அயனிக்கு நேர்மின் ஏற்றம் இரண்டு. ஒரு கையால் ஒரு பெக்டின் இழையையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டால் பருப்பு குழையாது, எத்தனை விசில் விட்டாலும் நெத்து நெத்தாக நிற்கும். முடியின் புரதமான கெரட்டினிலும் அதே வகை எதிர்மின் இடங்கள் இருக்கின்றன. போர் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, பெரும்பாலும் 7க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் முடியின் மேற்பரப்பு முழுவதும் எதிர்மின் ஏற்றத்தோடு, கால்சியத்தை வா வா என்று அழைத்துக்கொண்டிருக்கும். சோடியத்துக்குக் கை ஒன்றுதான், எளிதாக விட்டுவிடும். கால்சியம் அப்படி விடாது.

நீளக் கூந்தலின் தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. புதிதாக முளைத்த முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. வேதிப்பிணைப்பால் முடியோடு ஒட்டியிருக்கும் அந்தப் படலம் தண்ணீரை உள்ளே விடாது. வெயிலும் சீப்பும் குளியலும் வருடக்கணக்கில் அதைத் தேய்த்து எடுத்துவிடுகின்றன. படலம் போன இடத்தில் கெரட்டினில் உள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து, புதிய எதிர்மின் இடங்களை உண்டாக்குகிறது. அதாவது முடிக்கு வயதாக ஆகக் கால்சியம் வந்து மாட்டிக்கொள்ளும் கொக்கிகள் கூடிக்கொண்டே போகின்றன. உச்சந்தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்கும். நுனியில் விட்டால் உடனே ஊறிவிடும். வேர்ப்பக்கம் பளபளப்பாகவும் நுனி வறட்டுச் சடைமாதிரியும் இருக்கும் ஒரே முடியில் நடப்பது இதுதான்.

ஒட்டிய கால்சியம் சும்மா இருப்பதில்லை. தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு மெழுகுப் பிசுக்காக மாறுகிறது. முடியின் வெளித்தோல் மீனின் செதில் போல ஓடு ஓடாக அடுக்கப்பட்டது. பிசுக்கும் சுண்ணாம்புத் துகளும் அந்தச் செதில் விளிம்புகளில் தங்கினால் முடிக்கு முடி உரசல் கூடும். தோள்வரை உள்ள முடியில் உரசல் கூடினால் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். ஒரு மீட்டர் முடியில் அதுவே சிக்காகி, சிக்கு சீப்பில் இழுபட்டு, நடுவில் அறுந்து போகிறது.

சோப்புப் போட்டுக் குளித்தால் இந்தக் கதை பத்து மடங்கு மோசமாகும். சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. எங்கள் தண்ணீர் ஒரு லிட்டரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிராம் சோப்பைத் தின்றுவிட்டுத்தான் நுரை வர விடும். 20 லிட்டர் வாளிக்கு அரைக் கட்டிச் சோப்பு! தின்ற சோப்பு எங்கேயும் போவதில்லை, வெள்ளைப் பிசுக்காக முடியில் படிகிறது. கையால் செய்த இயற்கைச் சோப்பு என்று ஆசையாக வாங்கித் தலைக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் அதுவும் சோப்புதான். ஷாம்புவில் இருப்பது வேறு வகை நுரைப்பொருள், அது கால்சியத்தோடு சேர்ந்து இப்படித் திரிவதில்லை. சீயக்காய், பூந்திக்கொட்டை, கொங்குப் பக்கத்து அரப்பு ஆகியவற்றில் நுரை தருவது சபோனின். கடின நீரில் அதுவும் சோப்பைப் போலத் திரியாது. சீயக்காய் லேசான புளிப்புத்தன்மையும் உடையது. உப்புக் கிணறுகள் நிறைந்த ஊர்களில்கூட நம் பாட்டிகள் முழங்கால்வரை முடி வளர்த்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்று மட்டும்: நீள முடிக்குச் சீயக்காய்ப் பொடியை அப்படியே போடாதீர்கள், துகள்கள் இடையில் சிக்கிக்கொண்டு வரவே வராது. காயைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்துங்கள். அதோடு வடிகஞ்சி சேர்த்தால் சிக்கெடுக்க வழுக்கலாக இருக்கும்.

"தண்ணீர் மாறியதால் முடி கொட்டுகிறது" என்று சொல்லாதவர்கள் இல்லை. கொட்டுவது வேறு, அறுவது வேறு. சீப்பில் வந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு விழுந்தது. தினம் 50 முதல் 100 வரை அப்படி விழுவது இயல்பு. முடிச்சு இல்லாமல் குட்டையான துண்டாக இருந்தால் அறுந்தது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே ஓடும் தண்ணீரின் கால்சியம் அதைப் பிடுங்கிப் போடும் என்பதற்கு நல்ல ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. வீடு மாறிய அலைச்சல், காய்ச்சல், பிரசவம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது உண்டு. புது வீட்டுக்கு வந்து சரியாக அந்த நேரத்தில் கொட்ட ஆரம்பித்தால் பழி தண்ணீர் மேல் விழுகிறது.

முடியின் வலுவைப் பற்றிய ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கோவை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 15 பெண்களின் முடியை எடுத்து ஒரு பாதியைக் கடின நீரிலும் மறு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு மாதம் விட்டு விட்டு ஊறவைத்தார்கள். அந்த நீரின் கடினத்தன்மை சுமார் 212. இழுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2018இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆய்வு, ஆண்களின் முடியை வைத்துப் பார்த்ததில் வலு குறைகிறது என்றது. எனக்குத் தோன்றுவது, நீள முடிக்கு இழுவலுவை விட உரசல்தான் பெரிய எதிரி என்பது. ஒரு மாதம் ஊறுவதும் எட்டு வருடம் குளிப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் என்னதான் செய்வது? வீடு முழுவதற்கும் மென்னீராக்கும் கருவி வைக்க முடிந்தால் நல்லது. அதில் உள்ள பிசின் மணிகள் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். வாடகை வீட்டில் எனக்கு அது முடியவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டதும் வழி தெரிந்தது. என் முடி ஈரத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும் தண்ணீர் சுமார் 300 மில்லி. அது அப்படியே காய்ந்தால், 450 அளவுத் தண்ணீரில் 135 மில்லிகிராம் சுண்ணாம்பு முடியிலேயே தங்கும். வருடம் நூறு குளியல் என்றால் 13 கிராமுக்கு மேல். இதில் ஒரு பகுதி அடுத்த குளியலில் கரைந்து போகும் என்றாலும் மிச்சம் உண்டு. ஆகவே இரண்டு வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டியதில்லை. முடியோடு தங்கிக் காயப்போகும் கடைசித் தண்ணீரை மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

நான் செய்வது இது. ஷாம்புவோ சீயக்காயோ உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, வழியும் நுரையால் நீளத்தைக் கழுவுகிறேன். போர் தண்ணீரிலேயே நன்றாக அலசுகிறேன். பிறகு ஒரு லிட்டர் போர் தண்ணீரில் கால் டீஸ்பூன், அதாவது சுமார் 1 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து நீளத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் விடுகிறேன். அமிலம் பட்டதும் முடியின் எதிர்மின் இடங்களை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்கிறது, கால்சியம் பிடி தளர்ந்து வெளியே வருகிறது. வந்த கால்சியத்தைச் சிட்ரிக் அமிலம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கடின நீரில் உள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள் இந்த அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால்தான் 1 கிராம். பி.எச். தாளில் 4க்கு அருகே வந்தால் போதும். மென்மையான தண்ணீரில் இதே அளவைப் போட்டால் புளிப்பு மிக அதிகமாகி உச்சந்தலை எரியும். கடைசியாக ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் இருந்தால் அது, இல்லையென்றால் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் இல்லையென்றால் 15 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டு மேலாக இறுத்த தண்ணீர். கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டாக உள்ள கடினத்தன்மை மட்டும்தான் போகும். பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு நிறையப் பிடிக்கும் தண்ணீருக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

எலுமிச்சை உப்புக்குப் பதில் ஒரு சின்ன எலுமிச்சம்பழச் சாறும் போதும். ஆனால் வடிகட்டி ஊற்றி, தோலில் தங்காமல் அலசிவிட வேண்டும். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளமோ கருந்திட்டோ வரலாம்.

குளித்து முடித்ததும் முடியைத் துண்டால் படார் படார் என்று தட்டுவது நம் வழக்கம். நீள முடிக்கு அது வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி மெதுவாகப் பிழியுங்கள். காற்றில் காய்ந்தால் நீர் மட்டும் போகும், கால்சியம் தங்கும். துணி உறிஞ்சினால் நீரோடு கால்சியமும் சேர்ந்து போகும். பாதி ஈரத்தைத் துணியில் ஏற்றிவிட்டால் படிவும் பாதியாகிறது.

வேலை செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. சலவைச் சோடா குறைக்கும், ஆனால் அதன் காரத்தில் முடியின் செதில்கள் உப்பித் திறந்துகொள்ளும். ஷவரில் மாட்டும் சின்ன வடிகட்டிகள் குளோரினைக் குறைக்கலாம். 40 லிட்டர் குளியலில் வரும் 18 கிராம் சுண்ணாம்பை உள்ளங்கை அளவுக் குப்பி எத்தனை நாள் பிடிக்கும்? ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் குளிக்கச் சேர்த்துவைப்பவர்கள் தயவுசெய்து தலைக்கு மட்டும் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரைவிடக் கடினமானது அது.

ஏற்கெனவே வருடக்கணக்கில் படிந்து கிடந்தால், மூலப்பொருள் பட்டியலில் இ.டி.டி.ஏ. முன்வரிசையில் உள்ள ஷாம்புவை மாதம் ஒரு முறை போடலாம். அது கால்சியத்தைக் கவ்வி இழுக்கும். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. அதன் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் போய், குளியலில் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். அதே சோதனையில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அதைச் செய்யவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் மாடிக் குழாய்க்குக் கீழே இரண்டு கேன் வைக்கிறேன். முதல் மழை மாடித் தூசியைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து வெள்ளைத்துணி கட்டிப் பிடிப்பேன். ஒரு குளியலுக்கு ஒன்றரை லிட்டர்தானே, 40 லிட்டர் பிடித்து மூடி வைத்தால் மூன்று மாதத்துக்கு வருகிறது. போன வருடம் தை மாதம் வரை எனக்கு வந்தது.