கொலம்பியா, ஸ்னேக் நதிகளில் கப்பல் பயணம்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழு 1805 இலையுதிர் காலத்தில் மரத்தோணிகளில் பசிபிக் கடலை நோக்கி இறங்கிய நதிவழியில் இன்று ஒரு வாரச் சொகுசுக் கப்பல்கள் ஓடுகின்றன. ஒருமுனை ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட், அல்லது எதிர்க்கரையில் இருக்கும் வான்கூவர். மறுமுனை ஸ்னேக் நதிக்கரையில் கிளார்க்ஸ்டன். இந்த வான்கூவர் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பது. கனடா நகரத்துக்கு விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

விளம்பரத் தாள்களில் அறையின் அளவும் சாப்பாட்டுப் பட்டியலும் பக்கம் பக்கமாக இருக்கும். உங்கள் பயணம் சொன்னபடி நடக்குமா என்பதை முடிவு செய்வதோ வழியில் குறுக்கே நிற்கும் எட்டு அணைகள். கொலம்பியாவில் பான்வில், தி டேல்ஸ், ஜான் டே, மெக்னரி. ஸ்னேக்கில் ஐஸ் ஹார்பர், லோயர் மானுமென்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானைட். ஒவ்வொன்றிலும் கப்பல் ‘லாக்’ எனப்படும் கான்கிரீட் தொட்டிக்குள் நுழைகிறது. அகலம் 86 அடி. நீளம் 650 அடிக்குக் குறையாது. கதவை மூடி வால்வுகளைத் திறந்ததும் மேல்பக்கத்துத் தண்ணீர் தானாகவே உள்ளே பாய்ந்து கப்பலைத் தூக்கும், பம்பு கிடையாது. நுழைந்து வெளியேற ஏறக்குறைய அரை மணி நேரம். ஜான் டேயில் ஏற்றம் நூறு அடிக்கு மேல். அங்கே கீழ்ப்பக்கக் கதவு பக்கவாட்டில் திறக்காமல் நேராக மேலே எழும்பும். அதனடியில் கடக்கும்போது தண்ணீர் சொட்டும், கேமராவை மூடிக்கொள்ளுங்கள். பல அணைகளை இரவிலேயே கடந்துவிடுவார்கள். ஜான் டேயைப் பகலில் கடக்கும் பயணத் திட்டமா என்று முன்பே கேளுங்கள்.

ஓர் அணைக்கு ஒரே லாக்தான். அது பழுதானால் மாற்று வழி இல்லை. ஆண்டுப் பராமரிப்புக்காக வழக்கமாக மார்ச்சில் லாக்குகளை மூடுகிறார்கள். கப்பல் பருவம் அதன் பிறகே தொடங்குகிறது. திட்டமிடாத மூடலும் உண்டு. 2019 செப்டம்பரில் பான்வில் லாக்கின் கீழ்க்கதவு அமரும் கான்கிரீட்டில் விரிசல் கண்டு, சுமார் மூன்று வாரம் போக்குவரத்து நின்றது. இப்படி நேரும்போது மீதி வழியைப் பேருந்தில் காட்டவோ, கப்பலைப் பாதியில் திருப்பவோ நிறுவனத்துக்கு உரிமை தரும் விதி பயண ஒப்பந்தத்தில் இருக்கும். பெரும்பாலான காப்பீடுகள் பாதை மாற்றத்தை ‘ரத்து’ என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே லாக் மூடினால் எவ்வளவு தொகை திரும்பும், எந்த வடிவில் திரும்பும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அடுத்தது பணத்தின் பாதுகாப்பு. 1886-ல் வந்த பயணிகள் கப்பல் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே ஆட்களை ஏற்றிச்செல்ல அமெரிக்காவில் கட்டி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலே வேண்டும். ஊழியர்களும் உள்நாட்டுச் சம்பளக்காரர்கள். ஐரோப்பிய நதிப் பயணங்களைவிட இங்கே கட்டணம் அதிகமாக இருப்பதற்கும், நிறுவனங்கள் சிலவே இருப்பதற்கும் இது பெரிய காரணம். சிலவே இருக்கும் தொழிலில் ஒன்று விழுந்தால் அடி பலமாக இருக்கும். இந்த வழித்தடத்தில் ‘அமெரிக்கன் எம்ப்ரஸ்’ கப்பலை ஓட்டிய அமெரிக்கன் குவீன் வாயேஜஸ் 2024 பிப்ரவரியில் கடையை மூடியது.

ஐம்பதும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட கப்பல்கள், பயணம் நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தரும் நிதி உத்தரவாதத்தை அமெரிக்க அரசின் கப்பல் போக்குவரத்து ஆணையமான ஃபெடரல் மாரிடைம் கமிஷனிடம் காட்டியாக வேண்டும். நீங்கள் பார்க்கும் கப்பல் சிறியதென்றால், இந்தப் பாதுகாப்பு அதற்கு உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள். இந்த உத்தரவாதம் கப்பல் கட்டணத்துக்குத்தான். தனியாக எடுத்த விமானச் சீட்டுக்கு அல்ல. முழுத் தொகையையும் கிரெடிட் கார்டில் கட்டுவது இரண்டாவது பாதுகாப்பு. ஓராண்டுக்கு முன்பே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று அழைத்தால், என் ஆலோசனை ‘வேண்டாம்’ என்பதே.

பிள்ளைகளைப் பார்க்க பி1/பி2 விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இப்பயணம் வசதியானது. கப்பல் நாட்டைவிட்டு வெளியே போவதில்லை. கனடாத் துறைமுகத்தைத் தொடும் அலாஸ்கா பயணம் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் வேண்டும். ஆனால் நதிக் கப்பல்களில் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. அவசரமென்றால் அருகிலுள்ள படகுத்துறையிலோ லாக்கிலோ ஆம்புலன்ஸை வரவழைப்பார்கள். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், பழைய நோய் திடீரென முற்றினால் செலவை ஏற்குமா என்று காப்பீட்டின் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள்.

துணிமணியில் பலர் ஏமாறுகிறார்கள். கடலோர அஸ்டோரியாவில் ஆண்டு மழை சுமார் 1,700 மி.மீ.; கேஸ்கேட் மலைத்தொடர் மேகங்களைத் தடுப்பதால் கிழக்கே பாஸ்கோ பக்கம் 200 மி.மீ. அளவுதான். ஒரே வாரத்தில் மழைக்காட்டையும் வறண்ட புல்வெளியையும் பார்ப்பீர்கள். மழைச்சட்டை, காற்றுத்தடுப்பு மேலாடை, தொப்பி மூன்றும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அருவிகள் நிறைந்து விழும். ஜூலை, ஆகஸ்டில் கிழக்குப் பகுதி 38 டிகிரியைத் தொடும். கோடை முடிவில் காட்டுத்தீப் புகையும் சேரும். 2017 செப்டம்பரில் கொலம்பியா பள்ளத்தாக்கில் பட்டாசு ஒன்றால் மூண்ட ஈகிள் கிரீக் தீ நெடுஞ்சாலையையே மூடவைத்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மே மாதமே நல்லது.

இனி வரலாறு. கப்பலின் மேல்தளத்தில் நின்றால் தெரிவது லூயிஸும் கிளார்க்கும் கண்ட நதி அல்ல. அவர்கள் 1805 அக்டோபரில் சரக்கைத் தோளில் சுமந்து கடந்த சிலைலோ அருவி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழங்குடிகள் சால்மன் பிடித்துப் பண்டம் மாற்றிய பெருஞ்சந்தை. 1957 மார்ச் 10 அன்று தி டேல்ஸ் அணையின் கதவுகளை இறக்கினார்கள். சில மணி நேரத்தில் அருவி நீருக்கடியில் போனது. கப்பல் அதன் மேல் ஓசையின்றிப் போகிறது. பலர் அப்போது சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். அந்த இடம் எத்தனை மணிக்கு வரும் என்று கப்பலின் வரலாற்று வழிகாட்டியிடம் கேட்டு வெளியே வந்து நில்லுங்கள். கரையோரம் மரப்பலகை மேடைகள் தென்பட்டால், 1855 ஒப்பந்தங்கள் உறுதிசெய்த உரிமையோடு பழங்குடியினர் இன்றும் அவற்றிலிருந்து மீன்பிடிக்கிறார்கள் என்பதை அறிந்து பாருங்கள்.

கடலருகே உள்ள கிளாட்சாப் கோட்டையில் குழு கழித்த 106 நாட்களில் மழையில்லாத நாள் பன்னிரண்டே. இன்று நிற்பது மாதிரிக் கோட்டை. முந்தைய மாதிரி 2005-ல் எரிந்துபோக, அடுத்த ஆண்டு எழுப்பியது.

கிளார்க்ஸ்டனில் பெரும்பாலும் ஒரு நாள்தான் கிடைக்கும். ஹெல்ஸ் கேன்யனுக்குள் போகும் ஜெட் படகும், எதிர்க்கரை நகரமான லூயிஸ்டனுக்குக் கிழக்கே ஸ்பால்டிங்கில் இருக்கும் நெஸ் பெர்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவும் அன்றே மோதும். ஜெட் படகு அலையில் குதித்து ஓடும். முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. லூயிஸ், கிளார்க் குழு மலைகளைத் தாண்டிப் பட்டினியோடு வந்தபோது சோறிட்டவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள். 1863 ஒப்பந்தம் அவர்களுடைய நிலத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. 1877-ல் போர் மூண்டது. எல்லைப்புற வரலாற்றுக்காகவே இவ்வளவு செலவு செய்பவர்கள் ஸ்பால்டிங்கை விடக் கூடாது. இரண்டும் வேண்டுமென்றால் கிளார்க்ஸ்டனில் தொடங்கும் பயணத்தைத் தேர்ந்து, கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே வந்து லூயிஸ்டனில் தங்குங்கள். விமானம் தாமதமானாலும் கப்பலைத் தவறவிட மாட்டீர்கள்.