டார்வின் கண்ணுக்குத் தப்பிய பனியாறு

1831 ஆகஸ்டில், 22 வயது சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்விக்குடன் வேல்ஸ் மலைகளுக்குப் போனார். கூம் இட்வால் என்ற பள்ளத்தாக்கில் இருவரும் மணிக்கணக்கில் பாறை பாறையாகத் துழாவினார்கள். தேடியது புதைபடிவங்களை. தாங்கள் நின்ற பள்ளமே ஒரு பனியாறு தோண்டியது என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. எரிந்துபோன வீடுகூட நடந்ததை இந்தப் பள்ளத்தாக்கு அளவுக்குத் தெளிவாகச் சொல்லாது என்று டார்வினே பிற்பாடு எழுதி நொந்துகொண்டார்.

அங்கே போவது பெரிய மலையேற்றம் இல்லை. ஓக்வென் ஏரிக்கரைச் சாலையில் வண்டியை விட்டுவிட்டு, கல் பாவிய பாதையில் அரை மணி நேரம் நடந்தால் இட்வால் ஏரி. உயரம் சுமார் 370 மீட்டர்தான். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. கை வைத்த சாய்வு நாற்காலி மாதிரி ஒரு குடைவு, உட்காருமிடத்தில் தண்ணீர்.

இந்த வடிவம் எப்படி வந்தது? பள்ளத்தாக்கு வடகிழக்கைப் பார்த்திருப்பதால் வெயில் குறைவு. பனியுகத்தில் இங்கே விழுந்த பனி கோடையிலும் கரையவில்லை. அதன் மேல் அடுத்த வருஷப் பனி, அதற்கு மேல் இன்னொன்று. அடியில் இருப்பது நசுங்கி, காற்று பிதுங்கி வெளியேறி, கெட்டிப் பனிக்கட்டியாகும். கனம் சில பத்து மீட்டரைத் தாண்டினால் அந்தக் கட்டி தன் எடை தாங்காமல் மெல்ல வழியத் தொடங்குகிறது. அதுதான் பனியாறு.

சரி, பனிக்கட்டி பாறையை எப்படிச் சுரண்டும்? உப்புத்தாளைத் தேய்க்கும்போது மரத்தை இழைப்பது காகிதமா, அதில் ஒட்டியிருக்கும் துகளா? அதே கதைதான். உருகிய நீர் பாறை விரிசலில் இறங்கி உறைகிறது. உறையும்போது 9 சதவீதம் போலப் பெருத்து, விரிசலை அகட்டுகிறது. தளர்ந்த துண்டைப் பனி பெயர்த்து இழுத்துப் போகிறது. அப்படி அடியில் மாட்டிய கற்கள்தான் தரையை அராவுகின்றன.

குழி விழும் விதம்தான் எனக்குப் பிடித்த இடம். நுங்கைக் கட்டைவிரலால் நோண்டியவர்களுக்கு இது சட்டெனப் புரியும். விரல் பின்பக்கம் இறங்கி, அடியில் சுழன்று, முன்விளிம்பில் மேலேறி வரும். குடைவுக்குள் பனியும் அப்படித்தான் சுழல்கிறது. நடுவில் அழுத்தம் அதிகம், ஆழமும் அதிகம். வாயிலில் வேகம் குறைவதால் பாறை ஒரு வரப்பு போல மிஞ்சுகிறது. பனி சுமந்து வந்த கல்லும் மண்ணும் அங்கேயே கொட்டிக் கிடப்பதும் உண்டு. பனி போனபின் குழியில் தண்ணீர் நிற்க வேறென்ன வேண்டும்?

கடைசியாக இங்கே ஒரு சிறு பனியாறு இருந்தது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அது விட்டுப்போன கல்மண் மேடுகள் ஏரியின் மேற்குக் கரையில் வரிசையாக இருக்கின்றன. இப்போது புல் மூடிவிட்டதால், யாரோ குவித்த மண்மேடு போலத்தான் தெரியும். பாதையோரப் பாறைகளையும் கவனியுங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரவென்று உடைந்திருக்கும். வழவழப்பான பக்கத்திலிருந்துதான் பனி வந்தது. சாய்வெயிலில் குனிந்து பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களும் தெரியும்.

டார்வினைக் குறை சொல்வதற்கில்லை. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் பனியாறுகள் ஓடின என்று சுவிட்சர்லாந்துக்காரர் லூயி அகாசி ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாதாடியதே 1840இல்தான். அதன் பிறகு, 1842இல், டார்வின் கூம் இட்வாலுக்குத் திரும்பிப் போனார். அதே மேடுகள், அதே கீறல்கள். இந்த முறை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து கட்டுரையாக வெளியிட்டார். ஏரிக்கரையில் கிடக்கும் சில பெரும்பாறைகளை இன்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.