இறக்கத்தில் முதலில் களைப்பது கைதான்

பெருவிரலை நன்றாக நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் என் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினேன். எதிரில் இருந்த தம்பி கதிரையோடு பின்னுக்குப் போய்விட்டார். "சுளுக்குத்தானே மிஸ்?" என்று கேட்டார். ஆறு கிழமையாக நோவெண்ணெய் பூசி வந்திருக்கிறார்.

விழுந்தது ஹப்புத்தளைப் பக்கம், லிப்டன் சீட்டிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் ஒரு குறுக்குப் பாதையில். சைக்கிள் சாதாரண ட்ரெயில் பைக், மலைப்பாதையில் ஏறவும் இறங்கவும் ஓடுவது. குலுக்கலை வாங்கும் முன் சஸ்பென்ஷன் 130 மில்லிமீற்றர் அமுங்கும். அன்றைக்கே எக்ஸ்-ரே எடுத்திருக்கிறார்கள். உடைவு ஒன்றும் தெரியவில்லை என்றதும் நிம்மதியாகக் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்.

அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கபொயிட் என்ற படகு வடிவச் சிற்றெலும்பு. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில், கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அதிகம் உடைவது இதுதான். இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையால் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமில்லாமல் தவிக்கும். ஒட்டாமலே போகலாம், செத்தும் போகலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில் இந்த வெடிப்பு மறைந்திருப்பது புதிதல்ல. அதனால்தான் குழியில் நோ இருந்தால் உடைந்ததாகவே வைத்துக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி படம் எடுக்கிறார்கள். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். வீக்கம் வற்றிவிட்டது, கை அசைகிறது என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அந்தக் குழியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் விழுந்தார் என்று கேட்டேன். ஒரு நோயாளியிடம் நான் விடாமல் கேட்கும் கேள்வி அது. "கை பிடிக்கவில்லை மிஸ். பிரேக்கை அமத்தினேன், விரல் வேலை செய்யவில்லை" என்றார்.

செங்குத்து இறக்கத்துக்கென்றே செய்த டவுன்ஹில் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் சஸ்பென்ஷன் இருக்கும். ட்ரெயில் பைக்குக்குப் பெரும்பாலும் 120 முதல் 150 வரை. மீதி அதிர்வை யார் வாங்குவது? கால் கொஞ்சம் வாங்கும், மிச்சம் கைக்கு வரும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டும் சின்னது. டவுன்ஹில் சைக்கிளில் 200 மில்லிமீற்றர் அளவில் இருக்கும் தட்டு, பல ட்ரெயில் பைக்குகளில் 180, சிலவற்றில் 160தான். அதே விரல் அழுத்தத்துக்கு 160ஐ விட 200 கால் பங்கு கூடுதலாகப் பிடிக்கும். குறைந்த தட்டை வைத்திருப்பவர் அந்தக் கால் பங்கைத் தன் விரலால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. முன்சக்கரக் கவை சற்று நிமிர்ந்திருப்பதால் செங்குத்தில் உடம்பின் பாரமும் உள்ளங்கைக்கே சரிகிறது. ட்ரெயில் பைக்கில் டவுன்ஹில் பாதை இறங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதை கையிடம் கேட்கும் விலை கூட.

முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் ஓர் இறுக்கமான உறைக்குள் இருக்கின்றன. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவை புடைக்கும், உறை விரியாது, உள்ளே அழுத்தம் ஏறும், இரத்த ஓட்டம் குறையும். முன்கை கட்டை போல இறுகி, விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. கொழும்பில் சைக்கிள் ஓடும் ஒருவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. தியவன்னா ஓயாக் கரையிலும் சுதந்திர சதுக்கத்திலும் எத்தனை காலை ஓடினாலும், தொடர்ந்து பத்து நிமிடம் பிரேக் பிடிக்கும் ஓர் இறக்கம் கிடைக்காது. நெஞ்சும் தொடையும் தயாராகிவிடும். கை மட்டும் முதல் முறையாக மலையில் போய்ப் பரீட்சை எழுதும்.

அடுத்த முறை வரும்போது சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னேன். வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்தின் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில் வைத்துப் பார்த்தோம். பிரேக் லீவர் கைப்பிடியிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தது. சுட்டுவிரலின் நுனி மட்டுமே எட்டியது. அதனால் இரண்டு விரல், சில நேரம் மூன்று விரல் போட்டிருக்கிறார். கைப்பிடியைப் பிடிக்க மிஞ்சியது பெருவிரலும் சின்ன விரலும். லீவரின் சிறு திருகாணியை அவருடைய நண்பர் சாவி போட்டு இரண்டு மூன்று சுற்றுத் திருப்பியதும், சுட்டுவிரலின் முதல் மூட்டு லீவர் நுனியில் போய் உட்கார்ந்தது. லீவர் முழுவதையும் கைப்பிடிக் கம்பியின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளினோம், அந்த ஒரு விரலே போதுமாக. ஐந்து நிமிட வேலை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மனம் கனத்தது.

டயரையும் அமத்திப் பார்த்தேன், கல்லு. காலி வீதிக்கு ஏற்றி ஓடிய காற்றோடு மலைக்குப் போயிருக்கிறார். 70 கிலோ ஆளுக்கு, டியூப் இல்லாத அகல டயரில் 22 முதல் 28 பிஎஸ்ஐ அளவில் காற்று இருந்தால் கல்லின் மீது டயரே அமுங்கிக் கொடுக்கும். டியூப் இருந்தால் சற்றுக் கூட வேண்டும். ஆசனத்தை இறக்கிவிடுங்கள், பெடலில் நின்று, இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோக இடம் கிடைக்கும், உள்ளங்கை இலேசாகும்.

பிரேக் பிடிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயந்தவர்கள் இலேசாக, விடாமல், மேலிருந்து கீழ் வரை பிடித்தபடியே வருவார்கள். 85 கிலோ பாரம் 500 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சக்தி வெளிப்படுகிறது. அதில் பெரும் பங்கு அந்த இரண்டு மெல்லிய தட்டுகளில் சூடாக இறங்கும். விடாமல் பிடித்தால் தட்டும் ஆறாது, தசைக்கும் இரத்தம் வராது. வளைவுக்கு முன், நேரான நிலத்தில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். விட்ட அந்த இரண்டு மூன்று விநாடிதான் விரலுக்கு மூச்சு.

கனடாவில் அண்ணன் வீட்டுக்குப் போன இன்னொருவர், லிப்டில் மேலே ஏறிச் சைக்கிளில் இறங்கும் விஸ்லர் பைக் பார்க்கில் இரவல் சைக்கிளில் இறங்கி மணிக்கட்டோடு என்னிடம் வந்தார். இங்கே பெரும்பாலும் வலது லீவர் முன் பிரேக். அங்கே இடதுதான் முன் பிரேக். பதற்றத்தில் கை பழகியபடி செய்துவிட்டது, அவர் கைப்பிடிக்கு மேலால் போய் விழுந்தார். வெளிநாட்டில் சைக்கிள் எடுக்கிறவர்கள் ஏறுமுன் தள்ளிக்கொண்டே இரண்டு லீவரையும் தனித்தனியாக அமத்திப் பாருங்கள். அங்கே பாதைகளுக்கு, இலகுவிலிருந்து கடினத்துக்கு, பச்சை, நீலம், கறுப்பு என்று தரம் போட்டிருக்கும். நீலத்தில் கை களைத்தவருக்குக் கறுப்பில் வேலையில்லை. லிப்ட் மேலே கொண்டுபோய் விடுவதால் இளைப்பாறும் நேரமும் சுருங்கிவிடுகிறது. என்னிடம் வந்தவர்களில் பலர் சொல்வது ஒரே வார்த்தை: "கடைசியாக ஒருதடவை என்று போனேன்." அந்தக் கடைசித் தடவைக்கு முன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து பாருங்கள். விரல் தடுமாறினால் அன்றைக்கு இறக்கம் முடிந்தது.

நம் மலைப் பாதைகள் பைக் பார்க் அல்ல. அவை தோட்டத்து மக்களின் நடைபாதை. வளைவுக்கு அந்தப் பக்கம் கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா வரலாம், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரலாம், நடுவில் கான் வெட்டியிருக்கலாம். நிற்க முடியாத கையோடு அங்கே இறங்கினால் உடைவது நம் எலும்பு மட்டுமாக இருக்காது. தோட்டத்தில் கேட்டு, முதலில் ஒருமுறை நடந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். விழுந்தவருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி என்றால் தூக்கி உட்கார வைக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவ செரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

கொழும்பில் இருந்தபடியே கையைப் பழக்கலாம். ஒரு கம்பியைப் பிடித்து 30 விநாடி தொங்கி, 10 விநாடி விட்டு, ஐந்து தடவை; கிழமையில் மூன்று நாள். விரல்களுக்குக் குறுக்கே ரப்பர் வளையம் போட்டு விரிக்கும் பயிற்சியும் சேர வேண்டும், ஏனென்றால் விடுவதற்கும் தசை வேண்டும்.

தம்பிக்கு ஒட்டாமல் இருந்த அந்தச் சிற்றெலும்பில் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, ஆணி போட்டார்கள். நேற்று வந்தார். மென்மையான பந்தொன்றைக் கொடுத்தேன். பத்துத் தடவை அமத்தினார், பதினோராவதில் கை நடுங்கியது. மலைக்கு எப்போது போகலாம் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. லீவரை இன்னும் ஒரு சுற்று உள்ளே எடுக்கலாமா என்றுதான் கேட்டார்.