காலை மழை வேண்டாத சாமி

கைப்பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வீடு பினாங்கில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவ்வப்போது கதைப் பட்டறை நடத்துவதும் உண்டு. சில ஆண்டுகளாக என் மேசைக்குப் புது உலகங்களைப் படைக்கும் கதைகள் நிறைய வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பலவும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. முதலில் ஒரு வரைபடம், அப்புறம் தெய்வங்களின் வம்சாவளி: நெருப்புக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர். கதை வாய் திறக்க நாற்பது பக்கம் ஆகிவிடுகிறது.

கேட்டால், "'ஹாபிட்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் அப்படித்தானே சார் செய்தார்?" என்பார்கள். செய்தார், வாழ்நாள் முழுக்க. ஆனால் அவர் எழுதிச் சேர்த்த அந்தத் தொன்மக் கதைகள் தொகுப்பாக வந்தது 1977இல், அவர் இறந்து 4 ஆண்டுகளுக்குப் பிறகு, மகனின் முயற்சியால். வாசகர்கள் 1937இல் 'ஹாபிட்' நாவலில் முதலில் சந்தித்தது வளைக்குள் வசதியாக வாழும் ஒரு சாப்பாட்டுப் பிரியனைத்தான்.

பட்டறைக்கு வந்த ஒரு பெண்ணின் கைப்பிரதியைச் சொல்கிறேன். கெடா பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பம். அவள் படைத்த உலகில் ஒரு கூட்டம் காட்டு மரங்களைக் கீறி வெள்ளைப் பால் எடுத்துப் பிழைக்கிறது. கித்தா, அதாவது ரப்பர்க் காடுதான், பெயர் மட்டும் வேறு. அவர்களின் பெருந்தெய்வம் மழை. பறை கொட்டி மழையை அழைக்கும் திருவிழாவுக்கே ஓர் அத்தியாயம்.

"பால் வெட்டுகிறவர்கள் எதற்கம்மா மழையைக் கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன்.

பாட்டி சிரித்தாராம். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அந்த நேரத்தில் மழை வந்தால் பட்டை நனைந்து, பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்தோடும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் தண்ணீர்தான் நிறையும். அன்றைக்கு வெட்டு இல்லை. பழைய காலத்தில் வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. நெல் விளையும் ஊரில் மழைக்குக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கடல் தாண்டி வந்து விடிகாலை வானத்தைப் பயத்தோடு அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்!

அடுத்த வாரம் அவள் ஒரு சாமியோடு வந்தாள். பெயர் உச்சியான். மழையை முதுகில் தாங்கி உச்சிப்பொழுது வரை பிடித்து வைத்திருப்பவன். முதுகு வலித்து அவன் அசைந்தால் தூறல் விழும். படையல், ஒரு மங்கு நிறைய முதல் பால். இதற்கு மேல் அவனுக்கு அப்பா, பாட்டன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

இது ஒன்றும் புதுச் சூத்திரம் இல்லை. தொல்காப்பியம் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களை அடுக்குகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தெய்வம் முதலில் நிற்கிறதுதான். ஆனாலும் சோற்றோடும் வேலையோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. மற்ற ஏழு பொருள்களையும் உங்கள் உலகத்துக்கு எழுதிப் பாருங்கள், தெய்வத்தை அப்புறம் நிரப்பலாம் என்று பட்டறையில் சொல்வேன். யாழ் என்ற இடத்தில் எல்லோரும் திணறுவார்கள். பரவாயில்லை, திணறட்டும்.

இன்னொன்றையும் காட்டுவேன். பினாங்கில் மரத்தடிகளில் சிவப்பு வண்ணச் சிறு மாடங்கள் இருக்கும். டத்தோ கோங் என்ற மண்ணின் காவல் தெய்வத்துக்கானவை. ஊதுபத்தி ஏற்றுபவர்கள் சீனர்கள். உள்ளே இருப்பவரோ பெரும்பாலும் சொங்கோக் தொப்பி அணிந்த மலாய் முஸ்லிம் பெரியவர். ஆகவே அவருக்குப் பன்றி இறைச்சி படைக்கக் கூடாது. வந்தேறிய மக்கள் மண்ணுக்கு உரியவரிடம் அனுமதி கேட்ட வரலாறு முழுவதும் அந்த ஒரு விலக்கில் இருக்கிறது. உங்கள் கற்பனைத் தெய்வத்துக்கு எதைப் படைக்கக் கூடாது, ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் வம்சாவளியைக் கிழித்துப் போடலாம்.

ஓர் எச்சரிக்கை. அப்படியே தூக்கி வந்துவிடாதீர்கள். கேரித் தீவில் மா மெரி பழங்குடி மக்கள் செதுக்கும் முகமூடிகள் அவர்களின் மூதாதையர் வழிபாட்டைச் சேர்ந்தவை. உங்கள் வில்லனுக்கு ஒப்பனைப் பொருள் இல்லை. ஒருமுறை தோட்டத்து முனியாண்டியைப் பெயர் கூட மாற்றாமல் அரக்கனாக்கிய ஒரு கைப்பிரதியை அவசரத்தில் படித்து, சரி என்று அனுப்பிவிட்டேன். எழுதியவரின் பெரியப்பாவே அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தவறு என்னுடையதும்தான்.

உச்சியான் கதை இப்போது நான்காம் திருத்தத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் வரைபடம் இல்லை. ஒரு கிழவி இருட்டில் வெளியே கை நீட்டிக் காற்றில் ஈரம் பார்க்கிறாள், அவ்வளவுதான். படித்துவிட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்று: கித்தா மரங்களை வெட்டி எண்ணெய் தரும் செம்பனை நட்ட பிறகு உச்சியானுக்கு என்ன வேலை? அதை இரண்டாம் பாகத்துக்கு வைத்திருக்கிறாளாம்.