உள்ளூராட்சி: ஊருக்குள் ஆட்சியா, ஊரின் ஆட்சியா?

அரசறிவியல் அறிமுகப் பாடநெறியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் உள்ளூராட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருமாறு கேட்டால், யாழ்ப்பாணத்தில் பலரும் பிரதேச செயலகத்தைச் சொல்வார்கள். சிலர் விதானையாரையே சொல்வார்கள். இரண்டும் பொருந்தா. விதானையார் என்று ஊரவர் இன்றும் அழைக்கும் கிராம அலுவலரும், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்கு முன்னர் உதவி அரசாங்க அதிபராக இருந்த பிரதேச செயலாளரும், மத்திய அரசாங்கம் நியமித்து அனுப்பும் அலுவலர்கள். பிரதேச சபையோ வாக்காளர் தெரிவுசெய்யும் அவை. இரண்டின் பெயரும் ‘பிரதேச’ என்றே தொடங்குவதால் மயக்கம் உண்டாகிறது. எண்ணிக்கை கூட இரண்டுக்கும் ஒன்றன்று: யாழ் மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15, உள்ளூராட்சி மன்றங்களோ மாநகர சபை 1, நகர சபைகள் 3, பிரதேச சபைகள் 13 என மொத்தம் 17.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளியும். உள், ஊர், ஆட்சி என மூன்று கூறுகள். உள்ளூர் என்பது பழைய சொல். ‘பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்’ என்று குறளிலேயே வருகிறது. ஆட்சி என்பது காண் காட்சியானது போல, ஆள் என்னும் வினையடி ‘சி’ விகுதி பெற்று அமைந்த பெயர். ஆளுதல் என்பதற்கு அரசாளுதல் மட்டுமன்றி உடைமையாகக் கொண்டு அனுபவித்தல் என்ற பொருளும் உண்டு. காணி வழக்குகளில் ‘நீண்டகால ஆட்சி’ என்று சொல்லப்படுவது இந்தப் பொருளிலேயே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பகுதிகளான வடமராட்சி, தென்மராட்சி என்னும் பெயர்களின் ஈற்றிலும் இச்சொல் நிற்கிறது. இடையிலுள்ள ‘மர’ என்பதற்குத்தான் ஆளுக்கொரு விளக்கம் சொல்லப்படுகிறது.

ஊர் என்பதே இச்சொல்லின் உயிர்க்கூறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது வீடும் வயலும் சேர்ந்த நிலப்பரப்பை மட்டும் குறிக்கவில்லை. அந்நிலத்தின் அலுவல்களை முடிவுசெய்த வேளாண் குடிகளின் அவையையும் அதே பெயரால் குறித்தது. அந்த அவை தன்னை ‘ஊரோம்’ என்று தன்மைப் பன்மையில் சொல்லிக்கொண்டது. பிராமணருக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர்களான பிரமதேயங்களின் அவை சபை எனவும், வணிகரின் அவை நகரம் எனவும் பெயர் பெற்றன. பாடநூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் உத்தரமேரூர்க் குடவோலை முறை, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில் விவரிக்கப்படுவது, உண்மையில் ஒரு பிராமணச் சபையின் விதிமுறையாகும். நிலமும் கல்வியும் உடையவர்களுக்கே அதில் இடமிருந்தது என்பதைச் சொல்லாமல் அதனை இன்றைய வாக்குரிமையின் முன்னோடியாகக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று. நமது சொல்லாராய்ச்சிக்கு அதைவிட ‘ஊரோம்’ என்ற ஒரு சொல்லே கூடுதலாக உதவும்.

ஆயினும் உள்ளூராட்சி என்ற முழுச்சொல் அந்த மரபிலிருந்து நேராக வந்து சேர்ந்ததன்று. ‘லோக்கல் கவர்ன்மென்ட்’ என்னும் ஆங்கிலத் தொடருக்கு ஈடாக வழங்குவது. ‘லோக்கல்’ என்பதன் வேர் இடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். ‘கவர்ன்மென்ட்’ என்பதன் வேரோ கப்பலைச் செலுத்துதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். வெறும் இடம் தமிழில் ஊராகியபோது பொருள் செழித்தது என்றே சொல்ல வேண்டும். இலங்கையில் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. யாழ்ப்பாணம் அந்நிலையை 1949இல்தான் அடைந்தது. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு உள்நாட்டலுவல்களுக்கு ஒரு நிர்வாகக் குழுவையும் உள்ளூர் நிர்வாகத்துக்கு வேறொரு குழுவையும் அமைத்தது. உள்நாட்டலுவல்கள், உள்ளூர் நிர்வாகம், உள்ளூராட்சி ஆகிய மூன்றும் ‘உள்’ என்றே தொடங்கினாலும் அவற்றை ஒன்றாகக் கொள்ளலாகாது. நிர்வாகம் மேலிருந்து வரும் பணிப்பை நிறைவேற்றுவது; ஆட்சி என்பதற்குத் தானே முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும்.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பதே அறிமுகப் பாடநெறியின் கடினமான பகுதி. அமெரிக்க நூல்களைப் படிக்கும் மாணவர் இங்குதான் மொழிபெயர்ப்பில் இடறுகிறார். அந்நூல்களில் ‘ஸ்டேட்’ என வருவது பெரும்பாலும் மாநிலம். ‘ஸ்டேட் அண்ட் லோக்கல் கவர்ன்மென்ட்’ என்பதை ‘அரச மற்றும் உள்ளூர் அரசாங்கம்’ என்று பெயர்த்தால் இறைமையுள்ள அரசும் கூட்டாட்சியின் ஓர் உறுப்பும் ஒன்றாகிவிடும். அங்கே 50 மாநிலங்களின் கீழ் ஏறத்தாழ 90,000 உள்ளூராட்சி அலகுகள் உள்ளன. பாடசாலைகளுக்கென்றே தனியாக இயங்கும் அலகுகளும் அவற்றுள் அடங்கும். மாநிலத்தின் உட்பிரிவாகிய ‘கவுண்டி’ என்பதை மாவட்டம் என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். நமது மாவட்டத்தின் தலைமை அலுவலர் நியமிக்கப்படும் அரசாங்க அதிபர். கவுண்டியை நடத்துவோர் பெரும்பாலும் தெரிவுசெய்யப்படுவோர். அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளூராட்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜோன் டில்லன், இவ்வமைப்புகளின் அதிகாரமெல்லாம் மாநிலச் சட்டமன்றம் தந்ததே என்று வகுத்தார்.

இலங்கையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தவை. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைகளின் அதிகார நிரலில் சேர்த்தபோதும், மன்றங்களின் அமைப்பையும் கட்டமைப்பையும் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டத்துக்கே, அதாவது நாடாளுமன்றத்துக்கே, விட்டுவைத்தது. சிங்களத்தில் மாகாண சபை ‘பளாத் சபா’, உள்ளூராட்சி ‘பளாத் பாலன’. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. சிங்கள ஆவணங்களிலிருந்து மொழிபெயர்ப்போர் இதை மறந்தால் மாகாணமும் ஊரும் இடம் மாறிவிடும்.

தமிழ்நாட்டு வழக்கு உள்ளாட்சி என்பது. சுருக்கமான சொல், ஆனால் ஊர் அதிலிருந்து நழுவிவிட்டது. ஊராட்சி, பேரூராட்சி என்று அதன் பிரிவுகளில் ஊரைக் காத்துக்கொண்டு பொதுப்பெயரில் மட்டும் அதை விட்டது ஏன் என்பது வியப்பே. நமது உள்ளூராட்சியே பொருள் நிறைந்தது என்பது என் எண்ணம். ஆனால் ‘பிரதேசம்’ என்ற வடசொல்லுக்கு நாம் ஒரு தமிழ்ச்சொல்லை நிலைநிறுத்தவில்லை. ‘பகுதி’ மிகப் பொதுவானது, ‘வட்டாரம்’ என்பது உள்ளூராட்சித் தேர்தல் தொகுதிக்கு ஏற்கனவே கொடுபட்டுவிட்டது. சபைத் தலைவருக்குத் ‘தவிசாளர்’ நன்கு வேரூன்றியுள்ளது. தவிசு என்றால் இருக்கை. மேயரைக் குறிக்கும் ‘மாநகர முதல்வர்’ என்பதைச் சுருக்கி வெறுமனே ‘முதல்வர்’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் அதனை முதலமைச்சராகவே கொள்வார். அவர்கள் சொத்து வரி என்பது இங்கே ஆதன வரி. யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் அது இன்னமும் சோலை வரிதான்.